நின்றுபோன மாதவிலக்கு திரும்ப வந்தால் 'சூடு' அல்ல... பெண்களே உஷார்!

சிவகாசி:
பயர் ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ் என்று வெயிலோடு வேலை பார்க்கும் நம்ம ஊர்ப் பெண்கள், எதுக்கெடுத்தாலும் சொல்லும் காரணம் "உடம்பு சூடு". மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் தாண்டிய பிறகு திடீரென்று ரத்தம் பட்டாலும், இளநீர், வெந்தயம் என்று சமாளிக்கிறார்கள். ஆம்பிளை நிருபர் எழுதுற விஷயமா இது என்று சிரிக்காதீர்கள். அந்த ரத்தம் கர்ப்பப்பை உள்சுவர் புற்றுநோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம்.

எப்படி வருகிறது?

எல்லாம் 2 ஹார்மோன்கள் செய்யும் வேலை. ஈஸ்ட்ரோஜன், மாசாமாசம் கர்ப்பப்பையின் உள்சுவரைத் தடிக்க வைக்கும். கருமுட்டை வெளியானதும் சுரக்கும் புரோஜெஸ்ட்ரான், 'போதும்' என்று அதை நிறுத்தும். கரு தங்காவிட்டால் அந்தச் சுவர் மாதவிலக்காக உதிர்ந்துவிடும். நிறுத்த ஆள் இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் வருஷக்கணக்கில் வேலை பார்த்தால் சுவர் தடித்துக்கொண்டே போகும். அதில் சில செல்கள் கெட்டுப்போய் புற்றுநோயாகலாம்.

மாதவிலக்கு நின்றால் சினைப்பை ஓய்ந்துவிடுமே, அப்புறம் ஈஸ்ட்ரோஜன் ஏது? உடம்பில் உள்ள கொழுப்பே அதைத் தயாரிக்கிறது! குண்டான பெண்களுக்கு ஆபத்து கூடுவது இதனால்தான். சர்க்கரை நோய் இருந்தாலும் கவனம் தேவை. இளவயசில் சினைப்பை நீர்க்கட்டியால் 3, 4 மாசம் விலக்கே வராமல் இருப்பவர்களும் சும்மா விடக்கூடாது. முட்டை வெளியாகாததால் அவர்களுக்குப் புரோஜெஸ்ட்ரான் சுரப்பதில்லை.

மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை மட்டும் கொடுத்த அமெரிக்காவில், 1975-ல் ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அதன்பிறகு கர்ப்பப்பை உள்ளவர்களுக்குப் புரோஜெஸ்ட்ரானும் சேர்த்துத் தருகிறார்கள்.

கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் இந்த நோய் வரும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. நிஜம் தலைகீழ். அரசு தரும் மாலா-என் மாதிரி 2 ஹார்மோனும் கலந்த மாத்திரை, இந்தப் புற்றுநோய் வாய்ப்பைக் குறைக்கிறது.

ரத்தம் பட்டதும் 'போச்சு' என்று அலறவும் வேண்டாம். மாதவிலக்கு நின்றபின் இப்படி வருகிறவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருக்கும். அந்த ஒருவருக்கும், ஆரம்பத்திலேயே வந்தால் கர்ப்பப்பையை எடுத்துப் பெரும்பாலும் குணப்படுத்தலாம்.

ஒரு விஷயம். முகாமில் செய்வது கர்ப்பப்பை வாய் பரிசோதனை. 'அதுல ஒண்ணும் இல்லேன்னுட்டாங்க' என்று இருந்துவிடாதீர்கள், இது உள்ளே இருக்கிற நோய். ஸ்கேனில் சுவரின் தடிமன் பார்ப்பார்கள். 4 மில்லி மீட்டருக்கு மேல் இருந்தால் துளி சதை எடுத்துச் சோதிப்பார்கள். 2022-ல் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியில் பெண்கள் பிரிவில் காட்டலாம். போகும்போது முதல்வர் காப்பீட்டுத் திட்ட அட்டையையும் எடுத்துட்டுப் போங்க.