ஒரு மூடி, ஒரு கீல், ஒரு வளையம்

பழைய சட்டைப்பைக் கடிகாரத்தின் கூட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். பின்மூடி, கண்ணாடியைப் பிடிக்கும் விளிம்பு, சிறு கீல், சங்கிலி மாட்டும் வளையம் என்று எல்லாம் தனித்தனி உலோகத் துண்டுகள்.

சுவிற்சர்லாந்தின் ஜூரா மலைகளில் 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் கடிகாரப் பாகங்களைச் செய்தவர்களில் பலர் விவசாயிகளே. பனி மூடிய மாதங்களில் நிலத்தில் வேலையில்லை. யன்னலோரம் மேசை போட்டு, அரமும் கையுமாக அமர்ந்தனர். பெரும்பாலும் ஒருவருக்கு ஒரே வகைத் துண்டுதான். வேலை கொடுத்த வியாபாரியே முடிந்த துண்டுகளை எண்ணி வாங்கினார். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது கழிக்கப்படும் கிலோக்களை அறிந்த நமக்கு, எண்ணுபவரின் கை எவ்வளவு பெரியது என்று சொல்லத் தேவையில்லை.

1876இல் பிலடெல்பியா கண்காட்சிக்குச் சென்ற சுவிஸ்காரர், அமெரிக்கர் இயந்திரத்தால் பாகங்கள் செய்வதைக் கண்டு திகைத்துத் திரும்பினர். பின்னர் வேலை படிப்படியாகத் தொழிற்சாலைக்குள் போயிற்று. நிலமும் மாடும் மிஞ்சியவருக்காவது ஒரு பிடி இருந்தது.

நமக்குக் கிட்டவுள்ள உதாரணம் தமிழ்நாட்டின் ஓசூர். டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் 1984இல் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் கடிகார நிறுவனம் அங்குள்ளது. 1990களில் மைராடா என்ற தொண்டு நிறுவனத்தின் முயற்சியால், சுற்றுக் கிராமங்களின் சுயஉதவிக் குழுப் பெண்கள் கடிகார உலோகப் பட்டையின் துண்டுகளைக் கோர்க்கும் வேலையை ஏற்றனர். ஜூரா விவசாயி தனியே அமர்ந்தார். இவர்களோ 'மீடோ' என்ற கம்பனியாகவே சேர்ந்தனர்.

துண்டுக்கு இவ்வளவு என்று எவராவது உங்கள் லயத்துக்கு வேலை கொண்டுவந்தால், பழுதான துண்டின் நட்டம் யாருக்கு என்பதை முதலில் கேளுங்கள்.