தாழ்நிலையைக் கண்ணோக்கும் இறைவன்

கிறிஸ்துமஸ் பெருநாளுக்கு முன்னால் வரும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைக் கொண்ட காலத்தைத் திருவருகைக் காலம் என்கின்றனர் கிறிஸ்துவர்கள். இது காத்திருப்பின் காலம். கத்தோலிக்க ஆலயங்களில் குருவானவர் ஊதா நிற உடை அணிந்து வழிபாடு நடத்துவார். மூன்றாம் ஞாயிறன்று மட்டும் ரோஜா நிற உடை அணியலாம். அந்த ஞாயிற்றுக்கு 'கௌதேத்தே' என்று பெயர். 'மகிழுங்கள்' என்பது இந்த லத்தீன் சொல்லின் பொருள். பவுலடியார் பிலிப்பி நகரத்தாருக்கு எழுதிய கடிதத்திலிருந்து இது எடுக்கப்பட்டது. அக்கடிதத்தை எழுதியபோது அவர் சிறையில் விலங்கிடப்பட்டிருந்தார் என்பது கவனிக்கத்தக்கது.

சிறையில் இருப்பவர் எதை நம்பி மகிழச் சொல்கிறார்? இதற்கு விடை தேடுவோர் லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்துக்குப் போக வேண்டும். நாசரேத்து என்னும் சிற்றூரைச் சேர்ந்த மரியா, யூதேயா மலைநாட்டில் வாழ்ந்த தம் உறவினர் எலிசபெத்தைக் காணச் செல்கிறார். எலிசபெத்து முதிர்ந்த வயதில் ஆறு மாதக் கர்ப்பிணி. இருவரும் சந்தித்த வேளையில் மரியாவின் வாயிலிருந்து எழுந்த புகழ்ப்பாடல் இன்றும் திருச்சபையின் மாலைச் செபத்தில் நாள்தோறும் இடம்பெறுகிறது.

தம் தாழ்நிலையை இறைவன் பார்த்தார் என்பதே மரியாவின் மகிழ்ச்சிக்குக் காரணம். இங்கே ஒரு சொல்லைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். பழைய தமிழ் வேதாகமத்தில் இது 'தாழ்மை' என்று உள்ளது. தாழ்மை என்றதும் அடக்கம், பணிவு என்ற நற்குணமே நம் மனத்தில் தோன்றும். மரியா பணிவாக இருந்தார், அதற்குப் பரிசாக இறைவன் அருள் புரிந்தார் என்று பலரும் விளக்கம் சொல்வதுண்டு. ஆனால், மூல மொழியான கிரேக்கத்தில் உள்ள 'தபெய்நோசிஸ்' என்ற சொல் இங்கே குணத்தைக் குறிக்கவில்லை, நிலையைக் குறிக்கிறது. யாரும் பொருட்படுத்தாத நிலை அது. பிள்ளையில்லாமல் இழிசொல் கேட்டு ஆலயத்தில் அழுத அன்னாளின் துயரத்துக்கும் பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பு இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறது. அன்னாள் தம் பணிவைப் பார்க்கும்படி வேண்டவில்லை, வேதனையைப் பார்க்கும்படி வேண்டினார்.

இந்த வேறுபாடு சிறியதன்று. தாழ்மை என்பது தகுதியாகிவிட்டால், அதையும் சம்பாதிக்க வேண்டியிருக்கும். வாடகை கட்ட வழியில்லாதவரிடமும், நோயில் கிடப்பவரிடமும் இன்னும் பணிவாக இருங்கள் என்று சொல்வதில் என்ன ஆறுதல் இருக்க முடியும்?

மரியா ஏழை என்பதற்கு லூக்காவிலேயே சான்று உண்டு. குழந்தை பிறந்தபின் தாய் ஓர் ஆட்டுக்குட்டியைக் காணிக்கையாகச் செலுத்த வேண்டும், அதற்கு வசதியில்லாதவர் இரண்டு புறாக்களைக் கொடுக்கலாம் என்பது மோசேயின் சட்டம். மரியாவும் யோசேப்பும் பறவைகளைக் கொடுக்கும் முறைப்படியே காணிக்கை செலுத்தினர்.

பாடலில் இன்னொரு வியப்பும் உண்டு. வலியோர் அரியணையிலிருந்து இறக்கப்பட்டனர், பசித்தோர் நிறைவு பெற்றனர் என்ற கருத்தெல்லாம் நடந்து முடிந்த செயலாகவே சொல்லப்படுகிறது. அன்றைய நிலவரம் வேறு. ஏரோது மன்னன் அரண்மனையில்தான் இருந்தான். ரோமின் பிடியும் தளரவில்லை. எதுவும் மாறாதபோதே மரியா மகிழ்ந்தார். தம்மைப் பார்த்த இறைவன் பாதியில் முகம் திருப்ப மாட்டார் என்ற உறுதியே அதற்கு அடிப்படை.

ஆலயங்களில் இன்று காணப்படும் திருவருகை வளையத்தின் வரலாறும் ஏழைகளோடு தொடர்புடையதே. ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் லூத்தரன் சபையைச் சேர்ந்த யோகான் ஹின்றிக் விக்கர்ன் 1833இல் ஆதரவற்ற சிறார்களுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள் என்று பிள்ளைகள் ஓயாமல் கேட்டதால், 1839இல் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளைப் பொருத்தினார் என்பர். வார நாள்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகள், ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகள் நான்கு. நாளுக்கு ஒன்றாக ஏற்றி, பிள்ளைகள் தாங்களே எண்ணிக்கொண்டார்கள்.