வயிறு நோகுது என்று பிள்ளை சொன்னால்

திங்கட்கிழமை காலையில் "அம்மா, வயிறு நோகுது" என்று பிள்ளை சொன்னால் எங்கள் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் கிடைக்கும். ஒன்று, "பள்ளிக்கூடம் போகாமல் இருக்க நடிக்கிறாய்". மற்றது, "பூச்சி மருந்து குடு". இந்த இரண்டுக்கும் அப்பால் ஒரு காரணம் இருப்பதை எங்கள் நாட்டு ஆய்வாளர்கள் இருவர் நீண்டகாலமாக எழுதி வருகிறார்கள். ஒருவர் குழந்தைநல வைத்திய நிபுணர் பேராசிரியர் சமன் ராஜிந்திரஜித். மற்றவர் உடற்தொழிலியல் பேராசிரியர் நிரங்கா தேவநாராயண.

அவர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வொன்று 10 முதல் 16 வயது வரையான 2,100இற்கும் மேற்பட்ட பாடசாலைப் பிள்ளைகளைப் பற்றியது. அவர்களில் 12.5 வீதமானோருக்கு, அதாவது எட்டுப் பேரில் ஒருவருக்கு, அடிக்கடி வயிற்று நோ இருந்தது. புண், கட்டி, கிருமித் தொற்று என்று காட்டக்கூடிய நோய் எதுவும் இல்லாமல் வரும் நோ இது. மருத்துவம் இதைச் செயற்பாட்டு வயிற்று நோ என்கிறது. மன அழுத்தம் தரும் சம்பவங்களுக்கு முகங்கொடுத்த பிள்ளைகளிடம் இது கூடுதலாகக் காணப்பட்டது.

அப்படியென்றால் இது வெறும் கற்பனையா? இல்லை. இத்தகைய பிள்ளைகளின் இரைப்பையை ஸ்கான் மூலம் பார்த்தபோது, சாப்பாடு இரைப்பையை விட்டு வெளியேறும் வேகம் சுகமான பிள்ளைகளைவிடக் குறைவாக இருந்ததை இதே ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். குடலும் மூளையும் நரம்புகளால் இணைந்தவை. பயமும் கவலையும் குடலின் அசைவை மாற்றும். சாதாரண வாயுவும் அசைவும் கூட நோவாக உணரப்படும் அளவுக்கு நரம்புகள் கூர்மையடையும். பிள்ளை படுவது உண்மையான நோ.

எங்களுக்கு நெருக்கமான இன்னொரு ஆய்வும் உண்டு. பிள்ளைகளிடம் காணப்பட்ட மலச்சிக்கல் பற்றியது அது. போரால் பாதிக்கப்பட்ட பகுதியில் வாழ்ந்த பிள்ளைகளிடம் மலச்சிக்கல் மற்றப் பகுதிகளைவிடக் கூடுதலாக இருந்தது. நெருங்கிய நண்பரைப் பிரிதல், பரீட்சையில் தோல்வி, வீட்டில் ஒருவரின் கடும் நோய், பெற்றோர் வேலை இழத்தல், அடிக்கடி தண்டிக்கப்படுதல் ஆகியனவும் மலச்சிக்கலோடு தொடர்புபட்டிருந்தன. இந்தப் பட்டியலில் எங்கள் பிள்ளைகள் பலருக்குத் தெரியாதது எது?

வன்னியிலிருந்து வந்து பேராதனையில் வசிப்பவன் நான். இங்குள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலைக்குப் பிள்ளைகளைக் கொண்டுவரும் ஊர்க்காரருக்குச் சிலவேளை சிங்களத்தில் மொழிபெயர்த்து உதவுவேன். அப்போதுதான் எங்கள் சொற்களின் பெறுமதி புரிந்தது. குத்துது, முறுக்குது, எரியுது, பிரட்டுது எல்லாம் வேறு வேறு. எல்லாவற்றையும் "நோ" என்று ஒரே சொல்லில் சொன்னால் வைத்தியருக்குப் பாதித் தகவல்தான் போய்ச் சேரும். பிள்ளை சொன்ன சொல்லை அப்படியே சொல்லுங்கள். நோ எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், மலம் எப்படிப் போகிறது என்பதை இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். வீட்டில் நடந்த மாற்றங்களையும் மறைக்காதீர்கள். அப்பா வெளிநாடு போனது, வீடு மாறியது, ஒருவர் இறந்தது எல்லாம் வைத்தியருக்குத் தேவையான விபரங்கள்.

ஆனால் எல்லா வயிற்று நோவையும் மனக்கவலை என்று ஒதுக்கிவிடவும் கூடாது. நிறை குறைதல், வளர்ச்சி குன்றுதல், மலத்தில் இரத்தம், விடாத வாந்தி, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் நோ, வலது பக்க அடிவயிற்றில் நிற்கும் நோ ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

அவை எதுவும் இல்லை, செயற்பாட்டு நோதான் என்று வைத்தியர் சொன்னால், மருந்துக்கு மருந்து மாற்றி அலைவதில் பயனில்லை. பிள்ளையின் நோவை நம்புங்கள், அதேவேளை பாடசாலையை நிறுத்தாதீர்கள். நோ வரும் நேரத்தில் மட்டும் அன்பு காட்டாமல், நோ இல்லாத நேரத்திலும் அருகில் இருந்து கதையுங்கள். பாடசாலையில் அடி, ஏச்சு, கேலி உண்டா என்று மெதுவாகக் கேளுங்கள். பிள்ளை வாயால் சொல்ல முடியாததைச் சிலவேளை வயிறு சொல்லும்.