தாய்மொழி வலைப்பூவும் வருவாயும்: தொடங்குமுன் அறிய வேண்டியவை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பதிவு செய்த இந்தியர்கள் ஏறத்தாழ 2.6 லட்சம் பேர் மட்டுமே. இந்தியைப் பதிவு செய்தோர் 52 கோடிக்கும் அதிகம். வங்காளம் 9.7 கோடி, மராத்தி 8.3 கோடி, தெலுங்கு 8.1 கோடி, தமிழ் 6.9 கோடி என அந்தப் பட்டியல் நீள்கிறது. கூகுள் நிறுவனமும் கேபிஎம்ஜி நிறுவனமும் இணைந்து 2017இல் வெளியிட்ட அறிக்கை, 2016ஆம் ஆண்டிலேயே இந்திய மொழிகளில் இணையத்தைப் பயன்படுத்துவோர் 23.4 கோடி என்றும், ஆங்கிலத்தில் பயன்படுத்துவோர் 17.5 கோடி என்றும் மதிப்பிட்டது. அதாவது, தாய்மொழியில் படிக்க விரும்பும் வாசகர் கூட்டம் ஆங்கில வாசகர் கூட்டத்தை முந்திப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

இந்த நிலையில், ஓய்வு பெற்றோர், இல்லத்தரசிகள், மாணவர்கள், ஆசிரியர்கள் எனப் பலதரப்பட்ட வாடிக்கையாளர்கள் தம் மொழியில் வலைப்பூ எழுதி வருவாய் ஈட்ட இயலுமா என்று வினவுகின்றனர். இயலும் என்பதே விடை. ஆனால் அந்த வருவாய் மெதுவாக வரும். தொடக்கத்தில் சிறிதாகவே இருக்கும். விளம்பரத்தை மட்டும் நம்பினால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். எனவே, பணம் எந்த வழியாக வருகிறது, எங்கே குறைகிறது, வந்தபின் அதை எவ்வாறு கையாள வேண்டும் என்பவற்றை இங்கு வரிசையாகக் காண்போம்.

விளம்பரம் பணமாகும் விதம்

வலைப்பூவில் இடம்பெறும் விளம்பரங்களைப் பெரும்பாலும் எழுதுபவர் தேடிப் பெறுவதில்லை. கூகுள் ஆட்சென்ஸ் போன்ற ஓர் இடைத்தரகுச் சேவை அவற்றை வழங்குகிறது. வாசகர் ஒரு பக்கத்தைத் திறக்கும் நொடியில், அந்த விளம்பர இடத்துக்காக விளம்பரதாரர்களிடையே தானியங்கி ஏலம் நடைபெறுகிறது. வென்றவரின் விளம்பரம் திரையில் தோன்றுகிறது. அவர் செலுத்தும் தொகையில் ஏறத்தாழ 68 விழுக்காடு வலைப்பூ உரிமையாளரைச் சேர்கிறது.

இச்சேவை எல்லா மொழிகளுக்கும் ஒரே காலத்தில் கிடைத்துவிடவில்லை. இந்திக்கு 2014இலும், வங்காளத்துக்கு 2017இலும், தமிழுக்கும் தெலுங்குக்கும் 2018இலும்தான் ஆட்சென்ஸ் வாயில் திறந்தது. 2004இல் தொடங்கப்பட்ட ‘தமிழ்மணம்’ திரட்டியின் வழியே வாசகர்களைப் பெற்ற முன்னோடித் தமிழ் வலைப்பதிவர்கள், பல ஆண்டுகள் நன்றாக எழுதியும் விளம்பர வருவாய் காணாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். இன்று எழுதத் தொடங்குவோருக்கு அந்தத் தடை இல்லை.

ஆயினும் வேறொரு தடை நீடிக்கிறது. ஏலத்தில் விலை உயர வேண்டுமாயின் போட்டியாளர் பலர் வேண்டும். கடன் அட்டை, காப்பீடு, மென்பொருள், வெளிநாட்டுக் கல்வி போன்ற துறைகளின் விளம்பரதாரர்கள் தம் விளம்பரச் செலவின் பெரும்பகுதியை ஆங்கிலப் பக்கங்களுக்கே ஒதுக்குகின்றனர். அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளின் வாசகர்களைக் கவர்வதற்காக அங்குள்ள நிறுவனங்கள் தரும் விலையும் ஆங்கிலப் பக்கங்களுக்கே கிட்டுகிறது. ஆகவே, ஒரே அளவு வாசகர்கள் வந்தாலும் இந்திய மொழிப் பக்கம் குறைவாகவே ஈட்டுகிறது.

ஓர் எளிய கணக்கு

எடுத்துக்காட்டுக்காக, ஆயிரம் பக்கப் பார்வைகளுக்கு 40 ரூபாய் கிடைப்பதாகக் கொள்வோம். நாள்தோறும் 500 பார்வைகள் எனில், மாதத்துக்கு 15,000 பார்வைகள். வருவாய் 600 ரூபாய். ஆண்டுக்கு 7,200 ரூபாய். வலைமுகவரிக்கும் வழங்கி இடத்துக்கும் ஆண்டுக்கு 5,000 ரூபாய் செலவானால், எஞ்சுவது 2,200 ரூபாய்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆட்சென்ஸ் கணக்கில் 100 டாலர் சேர்ந்த பின்னரே பணம் அனுப்பப்படும். ஒரு டாலர் 85 ரூபாய் எனக் கொண்டால் அது 8,500 ரூபாய். மாதம் 600 ரூபாய் ஈட்டுபவருக்கு முதல் தொகை கைக்கு வர ஓராண்டுக்கும் மேலாகும். நாள்தோறும் 5,000 பார்வைகள் பெறுபவருக்கு அதே தொகை ஒன்றரை மாதத்தில் சேர்ந்துவிடும். மேற்கூறிய விலை துறைக்குத் துறை மாறுபடும். எனினும், வேலையை விட்டுவிட்டு வலைப்பூவை நம்பலாமா என்று எண்ணுவோர் முதலில் தம் எண்களை இட்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நலம்.

வாசகர் பெருகும் வழி

இந்திய மொழி வலைப்பூவின் பலம், ஆங்கிலத்தில் கிடைக்காததைத் தருவதில் உள்ளது. நாசிக் மாவட்டத்துத் திராட்சை விவசாயி அக்டோபரில் கவாத்து செய்தபின் மழை பெய்தால், அடிச்சாம்பல் நோயைப் பற்றி உடனே அறிய வேண்டியிருக்கும். அவ்வட்டார மண்ணையும் பருவத்தையும் அறிந்து, மராத்தியில் எழுதப்பட்ட ஒரு பக்கம் அவருக்குப் பயன்படுவதைப் போல், பொதுவான ஆங்கிலக் கட்டுரை பயன்படாது. அரசுத் தேர்வுகள், வட்டாரச் சமையல், பத்திரப் பதிவு நடைமுறைகள், நெசவு, கால்நடை வளர்ப்பு என இத்தகைய துறைகள் ஏராளம். எல்லாவற்றையும் எழுதும் வலைப்பூவைவிட, ஒன்றை ஆழமாக எழுதும் வலைப்பூவுக்கே வாசகர் மீண்டும் வருவர்.

தேடுபொறியில் கண்டறியப்படுவதற்குச் சில நுட்பங்களும் உண்டு. பழைய எழுத்துருக் குறியீடுகளில் தட்டச்சு செய்த உரையைத் தேடுபொறி அறியாது; யூனிகோடில்தான் எழுத வேண்டும். தமிழில் பழைய பாமினி எழுத்துருவிலும், இந்தியில் குருதி தேவ் எழுத்துருவிலும் உள்ள கோப்புகளை முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வது அவசியம். மேலும், ஒரே பொருளை மக்கள் பல வடிவங்களில் தேடுகின்றனர். ‘வீட்டுக்கடன்’ என்று ஒருவர் தேடுவார். ‘வீட்டு கடன்’ என்று பிரித்து இன்னொருவர் தேடுவார். ‘ஹோம் லோன்’ என்று மற்றொருவர் தேடுவார். தலைப்பில் இயல்பான தமிழ்ச் சொல்லையும், உட்பகுதியில் மக்கள் வழங்கும் பிற வடிவங்களையும் பொருத்தமாக அமைத்தால் மூவரும் அப்பக்கத்தை வந்தடைய வாய்ப்புண்டு.

ஆங்கிலக் கட்டுரைகளை இயந்திரத்தின் வழியே மொழிபெயர்த்து நூற்றுக்கணக்கில் வெளியிடுவது எளிய வழிபோல் தோன்றலாம். வாசகருக்குப் புதிதாக எதையும் தராமல் பெருந்தொகையாக உருவாக்கப்படும் பக்கங்களுக்கு எதிராக கூகுள் 2024 மார்ச்சில் தன் கொள்கையைக் கடுமையாக்கியது. அத்தகைய தளங்கள் தேடல் முடிவுகளிலிருந்தே மறைய நேரிடும். பிறர் எழுத்தையும் படத்தையும் அனுமதியின்றி எடுத்தாள்வதும் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி குற்றம். எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை அவரது படைப்புக்கு அச்சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது.

விளம்பரத்துக்கு அப்பால்

விளம்பர விலை குறைவாக இருப்பதால், நிலைத்து நிற்க விரும்புவோர் வேறு வாயில்களையும் திறந்து வைப்பது இன்றியமையாதது. முதலாவது, பரிந்துரைக் கழிவு. வலைப்பூவில் உள்ள இணைப்பின் வழியே வாசகர் ஒரு நூலையோ கருவியையோ இணைய அங்காடியில் வாங்கினால், எழுதியவருக்கு ஒரு சிறு பங்கு கிடைக்கும். இரண்டாவது, நேரடி ஆதரவு. உள்ளூர் விதைக் கடையோ பயிற்சி மையமோ மாதக் கட்டணம் செலுத்தித் தன் அறிவிப்பை வெளியிடலாம். குறிப்பிட்ட வட்டாரத்தைச் சேர்ந்த இரண்டாயிரம் வாசகர்கள் அத்தகைய கடைக்கு மிகவும் பயனுள்ளவர்கள். மூன்றாவது, சொந்தப் பொருள்: மின்னூல், பாடத்திட்டம், வினாவிடைத் தொகுப்பு, இணையவழி வகுப்பு. யுபிஐ வழியே ஐம்பது ரூபாயைக்கூட நேரடியாகப் பெறலாம். மேலே கண்ட கணக்கின்படி, 50 ரூபாய் மின்னூலை மாதம் 12 பேர் வாங்கினாலே, 15,000 பார்வைகளின் விளம்பர வருவாய்க்கு அது ஈடாகிவிடும்.

பணம் பெற்று எழுதுவதில் ஒரு கடமையும் உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்களின்படி, பொருளோ பணமோ பெற்று ஒன்றைப் பரிந்துரைப்பவர் அதை வாசகருக்குத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பு வாசகருக்குப் புரியும் மொழியிலும், எளிதில் கண்ணில் படும் இடத்திலும் அமைய வேண்டும். தவறான விளம்பரங்களுக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் கீழ் 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் தவறினால் 50 லட்சம் ரூபாய் வரையும் தண்டத்தொகை விதிக்கலாம். பங்குகளை வாங்கவோ விற்கவோ கட்டணம் பெற்று ஆலோசனை கூறுவதற்குச் செபியில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்க.

வங்கிக் கணக்குக்கு வரும் வழி

ஆட்சென்ஸ் கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும், முகவரியைச் சரிபார்க்க ஒரு ரகசிய எண் சாதாரண அஞ்சலில் அனுப்பப்படும். நான்கு மாதங்களுக்குள் அதைப் பதிவு செய்யாவிடில் விளம்பரங்கள் நிறுத்தப்படும். எனவே முகவரியைப் பின்கோடுடன் பிழையின்றி எழுத வேண்டும். ஆட்சென்ஸ் கணக்கில் உள்ள பெயரும், பான் அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் உள்ள பெயரும் ஒத்திருத்தல் வேண்டும். முதலெழுத்தை ஓரிடத்தில் விரித்தும் மற்றோரிடத்தில் சுருக்கியும் எழுதுவதால் பணம் திரும்பிச் செல்ல நேரலாம்.

வரம்பைக் கடந்த தொகை பொதுவாக அடுத்த மாதம் 21ஆம் தேதிக்கும் 26ஆம் தேதிக்கும் இடையே அனுப்பப்படும். அது வெளிநாட்டுப் பணமாக வருவதால், 8 அல்லது 11 எழுத்துகள் கொண்ட ஸ்விஃப்ட் குறியீடு தேவை. எல்லாக் கிளைகளுக்கும் தனிக் குறியீடு இருப்பதில்லை. எதைப் பயன்படுத்துவது என்று கிளையில் கேட்டறிக. வந்த பணம் எதற்காக என்பதைக் குறிக்கும் நோக்கக் குறியீட்டையும் வங்கி கேட்கும். விளம்பரம் சார்ந்த சேவைகளுக்கு ரிசர்வ் வங்கி வகுத்துள்ள குறியீடு பி1007. நாணய மாற்றுக் கட்டணமும் அதன்மீது ஜிஎஸ்டியும் கழிக்கப்படலாம். பணம் வந்தமைக்கான அந்நிய வரவுச் சான்றை ஒவ்வொரு முறையும் பெற்றுக் கோப்பில் வைத்துக்கொள்வது பின்னர் வரிக் கணக்குக்கு உதவும்.

வலைப்பூ வரவுக்கெனத் தனிச் சேமிப்புக் கணக்கு வைத்திருப்பது நல்ல பழக்கம். வீட்டுச் செலவும் தொழில் வரவும் கலவாமல் இருந்தால், ஈட்டியது எவ்வளவு என்பது தெளிவாகத் தெரியும். வரவுகள் பெருகித் தொழிலாக வளரும்போது நடப்புக் கணக்குக்கு மாறலாம்.

வரியும் பதிவும்

வலைப்பூவைத் தொடர்ந்து நடத்திப் பெறும் தொகை, தொழில் வருமானமாகக் கணக்கிடப்படும். வலைமுகவரி, வழங்கி இடம், தொழிலுக்குப் பயன்பட்ட இணையக் கட்டணம் போன்ற செலவுகளை ரசீதுடன் கழித்துக்கொள்ளலாம். ஆண்டில் செலுத்த வேண்டிய வரி 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் எனில், முன்கூட்டி வரி செலுத்த வேண்டும். ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 ஆகியன அதற்கான தவணை நாள்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைக் கடந்தால் ஜிஎஸ்டி பதிவு தேவை. சில சிறப்பு வகை மாநிலங்களில் இவ்வரம்பு 10 லட்சம். இவ்விதிகள் மாறக்கூடியவை என்பதால் ஆண்டுக்கொருமுறை பட்டயக் கணக்காளரைக் கலந்தாலோசிப்பது நன்று.

சிறு வருவாய் எனினும் அதை வருமான வரிக் கணக்கில் காட்டுவது வீண்போகாது. சுயதொழில் புரிவோர் வீட்டுக்கடனோ வாகனக் கடனோ கோரும்போது, இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளின் வரிக் கணக்குகளையே வங்கிகள் முதலில் கேட்கின்றன.

விலக வேண்டியவை

தம் விளம்பரத்தைத் தாமே சொடுக்குவதும், நண்பர்களைச் சொடுக்கச் சொல்வதும் ஆட்சென்ஸ் விதிகளுக்கு மாறானவை. கணக்கு முடக்கப்படுவதோடு, சேர்ந்த தொகையும் விளம்பரதாரர்களுக்கே திருப்பியளிக்கப்படும். ஒப்புதல் பெற்ற ஆட்சென்ஸ் கணக்கை விற்பதாகக் கூறுவோரிடமும், மாதத்தில் லட்சம் ஈட்டும் வழியைக் கற்பிப்பதாகப் பெருங்கட்டணம் கேட்போரிடமும் விழிப்பாக இருத்தல் வேண்டும். ஆட்சென்ஸில் சேர்வதற்குக் கட்டணமே இல்லை.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ‘எங்கள் விளம்பர வருவாயை உங்கள் வங்கிக் கணக்கில் பெற்று எங்களுக்கு அனுப்புங்கள், கழிவு தருகிறோம்’ என்று யாரேனும் கேட்டால் உறுதியாக மறுத்துவிடுக. மோசடிப் பணத்தைக் கைமாற்ற அத்தகைய கணக்குகள் பயன்படுத்தப்படுகின்றன. கணக்கு முடக்கமும் காவல்துறை விசாரணையும் கணக்கு உரிமையாளரையே வந்தடையும். ஏற்கெனவே சிக்கியிருப்பின், 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணையும் வங்கிக் கிளையையும் தாமதமின்றித் தொடர்பு கொள்ள வேண்டும்.

தொடங்க விரும்புவோர் முதல் ஆண்டை முதலீட்டுக் காலமாகக் கருதுவது பொருந்தும். இருக்கும் வேலையை விடாமல், கடன் வாங்காமல், நன்கறிந்த ஒரே துறையில் வாரம் ஒரு கட்டுரை எழுதினால், ஆண்டிறுதியில் 52 கட்டுரைகள் இருக்கும். எவை படிக்கப்பட்டன, எந்த வாயிலில் பணம் வந்தது, செலவு போக எஞ்சியது என்ன என்பவற்றை அப்போது எழுதிப் பார்த்தால், வலைப்பூவை விரிவாக்குவதா, பொழுதுபோக்காகத் தொடர்வதா என்பதை எண்களே தெரிவிக்கும். கணக்குத் தொடங்கவும், வெளிநாட்டு வரவு குறித்த ஐயங்களைத் தெளிந்துகொள்ளவும் நமது வங்கிக் கிளைகள் எப்போதும் துணைநிற்கும்.