கறுப்பு வீரன் வழக்கு

சீட்டாட்டம் என்றதும் முகஞ் சுளிக்கும் ஆசிரியர் கூட்டத்தைச் சேர்ந்தவன் யான். அது பொழுதைக் கொல்வது. சிலவேளை பொருளையுங் கொல்வது. அத்தகைய யான் ஒரு சீட்டாட்டத்தைப் பற்றி இலக்கியப் பக்கத்தில் எழுத வந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. அவ்வாட்டத்தில் எழுந்த வழக்கொன்றுக்கு யான் தீர்ப்புக் கூறினேன். தீர்ப்புத் தவறாயிற்று. தவறிய விதம் தமிழ் கற்பார்க்கும் கற்பிப்பார்க்கும் பயன்படும் என்று தோன்றிற்று.

வெளிநாட்டில் வாழும் தம்பியின் மக்கள் இருவர் விடுமுறைக்கு வந்திருந்தனர். மூத்தவனுக்கு வயது 16, இளையவனுக்கு 12. ஆளுக்கொரு கட்டுச் சீட்டு. ஒருநாள் மாலை விறாந்தையிற் பெருஞ் சத்தம். எட்டிப் பார்த்தேன்.

“பெரியப்பா, நீங்கள் இலக்கணம் படிப்பிக்கிறவர்தானே? இதில் எழுதியிருப்பதற்கு நீங்களே பொருள் சொல்லுங்கள்” என்று இளையவன் இரண்டு சீட்டுக்களை என் கையில் வைத்தான்.

அவ்வாட்டத்தின் பெயர் ‘மஜிக்: த கேதறிங்’. மாயவித்தை வல்லார் இருவர் பொருதுவதாகக் கற்பனை. கணிதத்தில் ஆராய்ச்சி செய்த அமெரிக்கர், றிச்சர்ட் கார்பீல்ட் என்பவர் ஆக்கியது. ‘விசாட்ஸ் ஒவ் த கோஸ்ற்’ என்னும் நிறுவனத்தார் 1993ஆம் ஆண்டில் வெளியிட்டது. நாமறிந்த சீட்டுக்கட்டில் உள்ளவை 52 சீட்டுக்களே. இங்கேயோ இதுவரை 20,000க்கு மேற்பட்ட வெவ்வேறு சீட்டுக்கள் அச்சாகியுள்ளன. ஆடுவோர் தாம் சேர்த்தவற்றிலிருந்து, வழக்கமான முறையிற் குறைந்தது 60 சீட்டுக் கொண்ட கட்டொன்றைத் தாமே அமைத்துக் கொள்வர். தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் 20 உயிர்ப்புள்ளி. ஒவ்வொரு சீட்டிலும் அது செய்யுந் தொழில் எழுதப்பட்டிருக்கும். ஆதலின், இவ்வாட்டம் பாதிக்குமேல் வாசிப்பு. வாசிப்பிலே தவறியவன் ஆட்டத்திலுந் தவறுவான்.

இனி வழக்குக்கு வருவோம். இளையவனிடம் இருந்தது ‘பிளக் நைற்’, அதாவது கறுப்பு வீரன். அவனுக்கு ‘வெள்ளையினின்று காப்பு’ உண்டு என்று சீட்டுச் சொல்லிற்று. மூத்தவன் இட்டது ‘றாத் ஒவ் கோட்’, கடவுட் சினம் என்னும் வெள்ளை மந்திரம். களத்திலுள்ள உயிரிகள் யாவற்றையும் அழிப்பது அது. வீரன் அழிவானா, எஞ்சுவானா?

யான் தயங்கவில்லை. “மந்திரம் வெள்ளை. வீரனுக்கோ வெள்ளையினின்று காப்பு. காப்பாவது காத்தல். காக்கப்பட்டவன் எங்ஙனம் அழிவான்?” என்றேன். இளையவன் துள்ளினான். அவ்வீரனைக் கொண்டே ஆட்டத்தையும் வென்றான். மூத்தவன் ஒன்றும் பேசாமற் சீட்டுக்களை அடுக்கி வைத்தான்.

குழூஉக்குறி

இரவு உணவின் பின் மூத்தவன் கையடக்கத் தொலைபேசியில் விதிநூலைக் காட்டினான். 200 பக்கங்களுக்கு மேற்பட்ட நூல். விதிகள் யாவும் சூத்திரங்கள் போல எண்ணிடப்பட்டிருந்தன. ‘வெள்ளையினின்று காப்பு’ என்பதற்கு அந்நூல் தரும் பொருள் நான்கு. வெள்ளைச் சீட்டால் விளையும் ஊறு தடுக்கப்படும். வெள்ளைச் சீட்டு அவ்வுயிரியோடு இணைக்கப்பட்டிருத்தல் இயலாது. வெள்ளை உயிரி அதனை மறித்தல் இயலாது. வெள்ளை மந்திரம் அதனை இலக்காகக் கொள்ளுதல் இயலாது. அவ்வளவே. ஐந்தாவது பொருள் இல்லை.

கடவுட் சினம் ஊறு செய்வதன்று, நேரே அழிப்பது. ஒருவரையும் இலக்காகச் சுட்டுவதுமன்று. யாவரையும் ஒருங்கே வாருவது. நான்கு காவலுள் ஒன்றேனும் அதனைத் தடுக்கவில்லை. ஆகவே வீரன் அழிவான். அதே 1993ஆம் ஆண்டு வெளிவந்த ‘சோட்ஸ் ரு பிளவ்செயர்ஸ்’ என்பதும் வெள்ளை மந்திரந்தான். அது ஓர் உயிரியை இலக்காகச் சுட்டி ஆட்டத்தினின்றும் அகற்றுவது. இலக்காகச் சுட்டுவதனால் அது கறுப்பு வீரனை அணுகவே இயலாது. ஒருவனைக் குறிவைக்கும் மந்திரம் தோற்கிறது. எவனையுங் குறிவையாத மந்திரம் வெல்கிறது!

யான் செய்த தவறு யாது? குழூஉக்குறியை வழக்குச் சொல்லாகக் கொண்டமையே. ஒரு கூட்டத்தார் தம்முள் ஒரு சொல்லுக்கு ஒரு பொருளை வரைந்து கொள்வர். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது போல. அக்கூட்டத்தினுட் புகுந்தவன் அகராதியைப் புறத்தே வைத்துவிட்டுப் புகல் வேண்டும். இதனை ஆண்டுதோறும் வகுப்பிற் சொல்பவன் யான். சொல்பவனே மறந்தான்.

தொகையும் விரியும்

அன்றிரவு மூத்தவன் ஒரு கதையுஞ் சொன்னான். ஆட்டம் வெளிவருமுன் கார்பீல்ட் மாதிரிச் சீட்டுக்களைப் பிறரிடங் கொடுத்து ஆடச் செய்தார். ஒரு சீட்டின் வாசகத்தைத் தமிழில் ‘எதிரி அடுத்த முறை இழப்பான்’ எனலாம். ஆடிய ஒருவர், வெற்றி தரும் சீட்டொன்று தம் கையில் உளதென்று மகிழ்ந்தார். ஆக்கியவர் கருதியதோ வேறு.

இலக்கண மாணவர் இதனை எளிதில் விடுவிப்பர். ‘முறை இழப்பான்’ என்பதில் உருபு தொக்கு நிற்கிறது. இரண்டாம் உருபை விரித்தால் ‘முறையை இழப்பான்’. எதிரிக்கு ஆடும் வாய்ப்பு ஒருதரம் இல்லை என்பதே பொருள். ஏழாம் உருபை விரித்தால் ‘முறையில் இழப்பான்’, ஆட்டமே முடிந்தது. 1993இல் ‘ரைம் வோக்’ என்னும் பெயரில் அச்சீட்டு வெளிவந்தபோது, இட்டவன் மேலும் ஒரு முறை ஆடலாம் என ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட்டது. உருபு தொகுவதால் வரும் மயக்கம் நம் மொழிக்கே உரியதன்று என அறிந்தேன்.

முன்னும் பின்னும்

சொற்பொருள் தெளிந்தாலும் வரிசை தெளியாதவிடத்து வழக்கு முடியாது. ஒருவன் மந்திரம் இட்டவுடன் அது பயன் தருவதில்லை. ‘அடுக்கு’ என்னும் இடத்திற் காத்திருக்கும். எதிரி விடையாக இன்னொன்றை அதன்மேல் இடலாம். இருவரும் போதும் என்றபின் மேலிருப்பது முதலிற் பயன்படும், கீழிருப்பது பின்னர். கடைசியாக வந்தது முதலிற் செல்லும் என்பதே சுருக்கம். இவ்வடுக்கு முறை 1999இல் ஆறாம் பதிப்போடு வந்தது.

ஒரு கரடி, அதன் வலி 2, உரன் 2. பகைவன் 3 ஊறு செய்யும் மின்னலை அதன்மேல் ஏவுகிறான். கரடிக்கு உரியவன் அதற்கு விடையாக, வலியையும் உரனையும் மும்மூன்று கூட்டும் வளர்ச்சி மந்திரத்தை இடுகிறான். வளர்ச்சி முதலிற் பயன்படும். கரடியின் உரன் 5 ஆகும். மின்னலின் 3 ஊறு அதனைக் கொல்லாது. இனி, கரடிக்கு உரியவன் அவசரப்பட்டு வளர்ச்சியை முதலில் இட்டான் என்க. பகைவன் அதற்கு விடையாக மின்னலை ஏவுவான். மின்னலே முதலிற் பயன்படும். உரன் 2 உடைய கரடி மாளும். வளர்ச்சி மந்திரம் தன் இலக்கை இழந்து வீணாகும். சீட்டுக்கள் அவையே. முன்பின்னே உயிர், முன்பின்னே சாவு.

பொதுவும் சிறப்பும்

விதிநூலின் தொடக்கத்திலேயே ஒரு விதி உண்டு. நூலுஞ் சீட்டும் மாறுபடின் சீட்டே வலிது. ஒருவன் தன் முறையில் ஒரு நிலச்சீட்டே இறக்கலாம் என்பது நூல். மேலுமொன்று இறக்கலாம் என ஒரு சீட்டுச் சொல்லின், இறக்கலாம். பொதுவிதியைச் சிறப்புவிதி விலக்கும் என்னும் நம் முறையே இது. சீட்டும் சீட்டும் மாறுபடின்? ஒன்று ‘இயலும்’ என, மற்றொன்று ‘இயலாது’ எனின், ‘இயலாது’ என்பதே வெல்லும்.

ஓரிடத்தில் மட்டும் அவர்கள் முறை நம் முறைக்கு மறுதலை. ஏட்டுச் சுவடி ஆராய்வார் மூலபாடத்தைத் தேடிப் பின்னோக்கிச் செல்வர். இங்கே, வெளியிட்டோர் ஆகப் பிந்தித் திருத்திய பாடமே செல்லும். 1993இல் உயிரிச் சீட்டுக்களில் வகைப்பெயர் ‘அழைப்பு’ என அச்சாயிற்று. பின்னர் ‘உயிரி’ என மாறிற்று. பழைய சீட்டை வைத்திருப்பவனும் புதிய பாடத்தையே கொள்ளல் வேண்டும்.

தீர்ப்பை மீட்டது

மறுநாட் காலை இளையவனை அழைத்து, “நேற்றுச் சொன்னது பிழை. உன் வீரன் அழிந்தான்” என்றேன். அவன் முகம் வாடிற்று.

“பெரியப்பா சொன்னால் சரியாய்த்தான் இருக்கும் என்று நினைத்தேன்” என்றான்.

அச்சொல் என்னைச் சுட்டது. வகுப்பிலே எத்தனை மாணவர் இவ்வாறே நினைத்திருப்பர்! நூல் சொல்வதை விட்டு என் மனம் சொல்வதைப் பொருளென்று எத்தனை முறை உரைத்திருப்பேன்! வீரன் பிழைத்தல் வேண்டும் என்னும் இரக்கம் எனக்கு முதலில் வந்தது. அதற்கேற்ற உரை பின்னால் வந்தது. இரக்கம் நன்று. எனினும் அதன் கேட்டை மூத்தவன் அனுபவித்தான். ஒருவனுக்கு விதிக்குப் புறம்பாகக் கொடுத்தது மற்றவனிடமிருந்து பறித்ததே.

விதிநூலின் நான்கு பொருளையும் இளையவன் தானே உரக்க வாசித்தான். பின்னர் வீரனைத் தானே எடுத்து, அழிந்த சீட்டுக்கள் கிடக்கும் ‘இடுகாட்டில்’ வைத்தான். ஆட்டத்தை அவ்விடத்திலிருந்து மீள ஆடினர். அவன் தோற்றான்.

நான்கு நாட் கழித்து மீண்டுஞ் சத்தம். இம்முறை இளையவனிடம் ‘டார்மகோய்வ்’ என்னும் உயிரி, 2007இல் வெளிவந்தது. இருவர் இடுகாடுகளிலும் எத்தனை வகைச் சீட்டு உண்டோ அத்தனை அதன் வலி. உரன் அதனினும் ஒன்று கூடியது. அவ்வேளை அங்கே கிடந்தவை உயிரி, நிலம் என இரு வகையே; ஆதலின் உரன் 3. மூத்தவன் மின்னலை ஏவினான். ஊறு 3, உயிரி மாண்டது என்றான்.

“இல்லை, அண்ணா” என்றான் இளையவன். “மின்னல் ஊறு செய்து முடிந்ததும் அதுவும் இடுகாட்டுக்குப் போகும். அதன்பிறகுதான் யார் செத்தார் என்று பார்ப்பது. மின்னல் மூன்றாவது வகை. இப்போது உரன் 4. ஊறு 3 தானே?”

இருவரும் என்னைப் பார்த்தனர். என் மனம் மூத்தவன் பக்கம் சாய்ந்தது. மூன்றில் மூன்று போனால் மிச்சம் ஏது? ஆயினும் வாய் திறந்திலேன். “நூலைக் கொண்டு வாருங்கள்” என்றேன்.

மூவரும் இருந்து வாசித்தோம். இளையவன் சொன்னதே சரி.