கையிட்ட புள்ளியும் கணக்கிட்ட புள்ளியும்

நம்மில் பெரும்பாலோர் பிறக்குமுன்பே கடைகளிலிருந்து மறைந்துவிட்ட ஒரு கணினியைப் பற்றி எழுதப் புகுகின்றேன். நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். 1982-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் சின்கிளேர் நிறுவனத்தார் வெளியிட்ட ஸ்பெக்ட்ரம் என்பது அதன் பெயர். 1986-இல் டெசிபெல்ஸ் என்னும் நிறுவனம் உரிமம் பெற்று அதன் ஒரு வகையை இந்தியாவிலும் விற்கத் தொடங்கியது. வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியே அதற்குத் திரை. பாட்டுக் கேட்கும் காசெட்டே அதற்குக் கிடங்கு. அதற்குப் படம் வரைகிறவர்கள் இன்றும் உலகில் பல இடங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்குள் ஓயாத வழக்கு ஒன்றும் உண்டு. புள்ளி புள்ளியாகக் கையால் வரைந்ததுதான் படமா? புகைப்படத்தைச் செயலியிடம் கொடுத்து மாற்றி வாங்கியதும் படமாகுமா?

வழக்கு விளங்க வேண்டுமானால் அந்தத் திரையின் வறுமை விளங்க வேண்டும். அகலத்தில் 256 புள்ளி, உயரத்தில் 192 புள்ளி, ஆக 49,152. எட்டுப் புள்ளிக்கு ஒரு பைட் வீதம் 6,144 பைட் செலவாகிறது. வண்ணத்துக்கென ஒதுக்கியதோ வெறும் 768 பைட். எனவே புள்ளிக்கு ஒரு வண்ணம் என்ற பேச்சே இல்லை. திரை முழுவதும் 768 கட்டங்கள்; கட்டம் ஒன்று சதுரங்கப் பலகை போல் எட்டுக்கு எட்டு; அதற்குள் இரண்டே வண்ணங்கள் புழங்கலாம். மூன்றாவது வண்ணம் நுழைந்தால் முன்னிருந்த ஒன்று வெளியேற வேண்டும். பச்சை மரத்தின் பக்கத்தில் சிவப்புச் சேலைக்காரி நின்றால், மரத்தின் ஓரம் சிவந்துவிடும்!

இந்த வறுமையைச் செயலி எவ்வாறு சமாளிக்கிறது? 1976-இல் ஃபிளாய்ட், ஸ்டைன்பெர்க் என்ற இருவர் வெளியிட்ட முறை இன்றும் வழங்குகிறது. தாராவியில் மளிகைக் கடைக் கணக்கை அறிந்தவர்க்கு அது எளிதில் புரியும். கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 255 என்று வைத்துக்கொள்வோம். ஒரு புள்ளியின் வெளிச்சம் 100. அது கறுப்புக்கே அருகில் இருப்பதால் கறுப்பாக்கிவிடுகிறோம். மீதி 100 என்ன ஆவது? தள்ளுபடி கிடையாது. அதைப் பதினாறு பங்காக்கி, வலப்பக்கத்துப் புள்ளிக்கு 7, கீழே இடப்புறம் 3, நேர் கீழே 5, கீழே வலப்புறம் 1 என்று இன்னும் முடிவாகாத அண்டைவீட்டார் தலையில் ஏற்றுகிறோம். இப்படிக் கடன் கைமாறிக்கொண்டே போக, கறுப்பும் வெள்ளையும் கலந்து, தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்குச் சாம்பல் நிறம் தோன்றுகிறது. அழகான கணக்கு என்பதில் ஐயமில்லை.

நானும் சோதித்துப் பார்த்தேன். குளிர்காலந்தோறும் தாணே கழிமுகத்துச் சேற்றில் பூநாரைகள் வந்து நிற்பதை வாஷியில் இருப்பவர்கள் அறிவர். அவற்றின் புகைப்படம் ஒன்றைச் செயலியிடம் கொடுத்தேன். பழைய ஸ்பெக்ட்ரமாக நடிக்கும் எமுலேட்டரில் ஒரு நொடியில் படம் வந்தது. சேறும் நீரும் அற்புதம். என் கையால் ஆயுளுக்கும் ஆகாது. பறவைகளுக்கோ கால் இல்லை! செயலியின்மேல் குற்றமும் இல்லை. படத்தைச் சுருக்கும்போது காலின் தடிமன் கால் புள்ளிக்குக் குறைந்துவிட்டது. கால் புள்ளிக் கறுப்பைச் செயலி நியாயமாகப் பங்கிட்டது. பங்கீட்டில் கால் கரைந்தது.

பிறகு கையால் வரைய உட்கார்ந்தேன். மூன்று மாலைகள் போயின. காலுக்கு ஒரு முழுப் புள்ளி கொடுத்தேன். அளவுகோல் வைத்துப் பார்த்தால் அது நான்கு மடங்குப் பொய். ஆனால் பறவை நின்றது. வளைந்த அலகின் கறுப்பு நுனிக்கு நான்கு புள்ளி ஒதுக்கினேன். கழுத்து இரண்டு கட்டங்களில் விழுந்து வண்ணம் மோதியதால், பறவையையே மூன்று புள்ளி இடப்புறம் நகர்த்தினேன். இந்த நகர்த்தல்தான் கைக்கும் கணக்குக்கும் உள்ள வேற்றுமை. செயலிக்குப் புள்ளிகள் தெரியும். அவற்றுள் எது பறவை என்பது அதன் கணக்கில் வரவில்லை. கட்டந்தோறும் எல்லா வண்ண இணைகளையும் முயன்று, பிழை மிகக் குறைந்ததைத் தேரும் கெட்டிக்காரச் செயலிகளும் உண்டு. அவையும் இருந்த இடத்திலேதான் கணக்குப் பார்க்கும். முடிவில் சேற்றைச் செயலியிடமும் பறவையை என்னிடமும் வைத்துக்கொண்டேன். ‘கை படாத புள்ளி கலப்படம்’ என்னும் வைதிகர்கள் என்னைச் சாதியை விட்டு விலக்கக் கூடும்!

பறவைக்குக் கால் போனால் சிரித்துவிட்டுப் போகலாம். எழுத்துக்குப் புள்ளி போனால்? சென்ற பொங்கல் விழாவுக்கு வாடகைக்கு எடுத்த விளக்குப் பலகையில் தமிழ் எழுத்துரு இல்லை. தலைப்பைப் படமாக மாற்றி ஏற்றினார்கள். ‘பொஙகல’ என்று இரவெல்லாம் மின்னிற்று. மெய்யெழுத்தின் புள்ளி பரப்பில் மிகச் சிறியது. ஆகவே கணக்கு அதைத்தான் முதலில் விழுங்கும். ‘மணம்’ என்பதில் ஒரு சுழி அடைபட்டால் ‘மனம்’ ஆகிவிடும். ஸ்பெக்ட்ரத்தில் நாமே வரைந்து சேர்க்கத்தக்க எழுத்துகள் 21. நம் எழுத்துகளோ 247. துணைக்கால், கொம்பு முதலியவற்றைத் தனியே பிரித்தாலும் இடம் போதாது. எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் முயன்றேன். மேல் வரிசை புள்ளிக்கு, அடுத்த வரிசை இடைவெளிக்கு என்று விட்டால், எழுத்துக்கு மிஞ்சுவது ஆறே வரிசை. ணகரத்தின் மூன்று சுழிகளும் அந்த அகலத்தில் மூச்சுத் திணறுகின்றன. அதற்கு மட்டும் பக்கத்துக் கட்டத்தையும் திறந்துவிட்டேன்.

இது பழங்கதை என்று தள்ளிவிட இயலாது. மும்பை எழுத்தோவியர் ஆர். கே. ஜோஷியின் மேற்பார்வையில் உருவாகி, விண்டோஸுடன் வந்த ‘லதா’ எழுத்துருவை நம்மில் பலர் பயன்படுத்தியிருக்கிறோம். இத்தகைய எழுத்துருக்கள் கோட்டு வடிவில் அமைந்தவை. அவற்றிலுங்கூட, சிறிய அளவில் எந்தப் புள்ளியைக் காக்க வேண்டும் என்று தனிக் குறிப்பு எழுதிச் சேர்ப்பது வழக்கம். பேருந்து நெற்றியில் ஊர்ப்பெயர் ஓடும் பலகைக்கும் இதே தேவை உண்டு.

அடுத்த பொங்கலுக்கும் அதே பதினாறு வரிசைப் பலகைதான் வருகிறது. இம்முறை எழுத்துகளை நாமே வரைந்து கொடுப்பதெனச் சங்கத்தில் முடிவாகியிருக்கிறது. கட்டத்தாள் என்னிடம் இருக்கிறது. பென்சில் கொண்டு வந்தால் போதும். ககரமும் பகரமும் உடனே போய்விட்டன. ஐகாரத்துக்கும் ளகரத்துக்கும் இன்னும் ஆள் வரவில்லை.