விற்ற லாபத்துக்கு எவ்வளவு வரி?

ஒரு சொத்தை வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தின் மீது விதிக்கப்படுவது மூலதன ஆதாய வரி. கைக்கு வந்த முழுத் தொகைக்கும் வரி இல்லை, லாபத்துக்கு மட்டுமே. மனை, வீடு, நகை, பங்கு, மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் இதில் அடங்கும். புதுக்கோட்டை மாவட்டம் திருமயத்தில் பூர்வீக வீட்டை விற்பவருக்கும் சென்னையில் பங்கு விற்பவருக்கும் சட்டம் ஒன்றே. விற்றது எது, எத்தனை மாதம் வைத்திருந்தது, எப்போது வாங்கியது என்ற மூன்றைப் பொறுத்தே வரி கூடும், குறையும்.

இந்த வரி முதன்முதலில் 1947இல் வந்தது. அப்போதைய இடைக்கால அரசில் நிதிப் பொறுப்பு வகித்த லியாகத் அலி கான் தாக்கல் செய்த பட்ஜெட்டில் அது இடம்பெற்றது. அது பிரிட்டிஷ் இந்தியாவுக்கான சட்டம். திருமயமோ அப்போது புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தது. 1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது. அதே மார்ச் 31க்குப் பிறகு கிடைத்த லாபத்துக்கு அந்த வரி கிடையாது என்றும் ஆயிற்று. பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் கால்டார் தந்த பரிந்துரையின் பேரில், 1956இல் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி அதை மீண்டும் கொண்டுவந்தார். 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் அதை நிலைப்படுத்தியது.

நெடுங்காலம் ஒரு குறை இருந்தது. இருபது ஆண்டுக்கு முன் வாங்கிய மனையின் விலை ஏறியிருக்கும். அரிசி, பருப்பின் விலையும் கூடவே ஏறியிருக்கும். ஏற்றத்தின் ஒரு பகுதி லாபமே அல்ல, ரூபாயின் மதிப்பு தேய்ந்ததன் விளைவு. ராஜா செல்லையா தலைமையிலான வரிச் சீர்திருத்தக் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, 1992 பட்ஜெட்டில் இதற்கு வழி பிறந்தது. ஆண்டுதோறும் அரசு வெளியிடும் பணவீக்கக் குறியீட்டைக் கொண்டு வாங்கிய விலையை உயர்த்திக்கொண்டு, மீதிக்கு மட்டும் வரி கட்டலாம். தொடக்கத்தில் 1981-82 அடிப்படை ஆண்டாக இருந்தது. 2017இல் அது 2001-02 ஆக மாறியது. அந்த ஆண்டின் குறியீடு 100, 2025-26க்கு 376.

2024 ஜூலை 23 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தாக்கல் செய்த பட்ஜெட் இந்த முறையைப் பெரும்பாலும் நீக்கியது. 20 சதவீதமாக இருந்த நீண்டகால ஆதாய வரி 12.5 சதவீதமாகக் குறைந்தது. பணவீக்கச் சலுகை போயிற்று. எதிர்ப்பு எழுந்ததால் நிலத்துக்கும் கட்டடத்துக்கும் மட்டும் ஒரு விலக்கு கிடைத்தது. அந்தத் தேதிக்கு முன் வாங்கியிருந்தால், இந்தியாவில் வசிக்கும் தனிநபரும் இந்து கூட்டுக் குடும்பமும் இரண்டு கணக்கில் எது குறைவோ அதைக் கட்டினால் போதும். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ குடியிருக்கும் பிள்ளைகள் ஊர் வீட்டை விற்றால் இந்தச் சலுகை இல்லை.

இரண்டு உதாரணங்களைப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். திருமயத்தில் தாத்தா கட்டிய வீடு ஒன்று 2025-26இல் 20 லட்சத்துக்கு விற்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2001க்கு முன் வந்த சொத்து என்பதால் 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை வாங்கிய விலையாகக் கொள்ளலாம். ஆனால் அது பத்திரப் பதிவுக்கு அரசு நிர்ணயித்திருந்த அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. அப்படிக் கொள்ளும் மதிப்பு 4 லட்சம் என்றால், குறியீட்டின்படி 15,04,000 ஆகிறது. லாபம் 4,96,000, அதில் 20 சதவீதம் 99,200 ரூபாய். புதிய முறையில் லாபம் 16 லட்சம், வரி 2 லட்சம். இங்கே பழைய கணக்கே நல்லது.

அதே ஊரில் 2015-16இல் 5 லட்சத்துக்கு வாங்கிய மனையும் 20 லட்சத்துக்குப் போகிறது. அந்த ஆண்டின் குறியீடு 254. உயர்த்திய விலை சுமார் 7,40,000. பழைய முறையில் வரி ஏறக்குறைய 2,52,000. புதிய முறையில் 15 லட்சத்துக்கு 1,87,500 மட்டுமே. விலை வேகமாக ஏறிய சொத்துக்குப் புதிய முறையும், மெதுவாக ஏறிய பழைய சொத்துக்குப் பழைய முறையும் தோதாக அமைகின்றன. இரண்டிலும் வரியின் மேல் 4 சதவீத செஸ் தனி.

பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டுவதால் வரி குறையாது. வழிகாட்டி மதிப்பு பத்திர விலையை விட 10 சதவீதத்துக்கு மேல் அதிகமானால், வழிகாட்டி மதிப்பையே விற்ற விலையாக வருமான வரித் துறை எடுத்துக்கொள்ளும்.

கிராமப்புற விவசாய நிலத்துக்கு இந்த வரியே கிடையாது. நகரத்து விவசாய நிலத்தை 1970இல்தான் வரி வளையத்துக்குள் கொண்டுவந்தார்கள். நகராட்சி போன்ற அமைப்பின் மக்கள்தொகை 10,000க்கு மேல் ஒரு லட்சம் வரை என்றால் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர், பத்து லட்சம் வரை 6, அதற்கு மேல் 8 கிலோமீட்டர் என்று நேர்க்கோட்டில் அளக்கும் தூரத்துக்குள் இருப்பதே நகரத்து நிலம். புதுக்கோட்டை நகரின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது. ஆகவே அதன் வளையம் 6 கிலோமீட்டர். சுமார் 20 கிலோமீட்டர் தெற்கே உள்ள திருமயத்தின் வயல்கள் அந்த வளையத்துக்கு வெளியே இருக்கின்றன. வயலை மனையாகப் பிரித்து விற்றால் இந்த விலக்கைக் கோர முடியாது.

நகைக்கும் வரி உண்டு. பழைய நகையைக் கொடுத்துப் புதியது வாங்குவதும் சட்டப்படி விற்பனைதான். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த தங்கத்துக்கு 12.5 சதவீதம், குறைவான காலம் என்றால் லாபம் மற்ற வருமானத்தோடு சேர்ந்துவிடும். அம்மா தந்த நகைக்கு அம்மா வாங்கிய விலையே அடக்கவிலை. அவர் வைத்திருந்த காலமும் சேரும்.

பங்குகளின் கதை வேறு. ப.சிதம்பரம் நிதியமைச்சராக 2004இல் பங்குப் பரிவர்த்தனை வரியைக் கொண்டுவந்தார். அதற்கு ஈடாக, ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கின் லாபத்துக்கு வரி நீங்கியது. குறுகிய கால லாபத்துக்கு 10 சதவீதம், 2008இல் 15. நிதியமைச்சர் அருண் ஜேட்லி 2018இல் நீண்டகால லாபத்துக்கு 10 சதவீத வரியை மீண்டும் விதித்தார். அந்த ஆண்டு ஜனவரி 31 வரை ஏறியிருந்த விலைக்கு மட்டும் பாதுகாப்பு தந்தார். இப்போது நீண்டகாலத்துக்கு 12.5, குறுகிய காலத்துக்கு 20 சதவீதம். ஆண்டுக்கு 1,25,000 ரூபாய் வரை நீண்டகால லாபத்துக்கு வரி இல்லை. 2023 ஏப்ரல் 1 முதல் வாங்கிய கடன் பத்திர ஃபண்டுகளுக்கு இந்தச் சலுகை விகிதம் இல்லை.

வரியைத் தவிர்க்கச் சட்டமே வழி தருகிறது. வீடு விற்ற நீண்டகால லாபத்தை இரண்டு ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கவோ மூன்று ஆண்டுக்குள் கட்டவோ செலவிட்டால் அந்த அளவுக்கு வரி இல்லை. நிலம், வீடு விற்ற லாபத்தில் 50 லட்சம் வரை, ஆறு மாதத்துக்குள், சட்டம் குறிப்பிடும் பத்திரங்களில் ஐந்து ஆண்டுக்குப் போட்டும் விலக்குப் பெறலாம்.

12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்ற தள்ளுபடி இந்தச் சிறப்பு விகித லாபங்களுக்குப் பொருந்தாது. வேறு வருமானம் இல்லாத உள்நாட்டவர் அடிப்படை விலக்கான 4 லட்சத்தை மட்டும் கழித்துக்கொள்ளலாம். நஷ்டம் வந்தால் அதையும் காட்ட வேண்டும். உரிய தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்தால், எட்டு ஆண்டு வரை வரும் லாபத்தில் அதைக் கழிக்கலாம்.

1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வந்திருக்கிறது. பிரிவு எண்கள் மாறினாலும் கணக்கின் அடித்தளம் மாறவில்லை. எந்தச் சட்டத்திலும் அடக்கவிலையை நிரூபிப்பவை தாய்ப் பத்திரமும், வீடு கட்டிய செலவின் ரசீதும், நகைக்கடை பில்லும்தான்.